டிசம்பரில் ஆல்பட்ராஸ் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், டிசம்பர் பள்ளி விடுமுறையில் டர்பனில் இரண்டு மணி நேரப் படகுச் சவாரி போனால் திமிங்கிலம், ஆல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவை இரண்டையும் பார்த்து வந்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மாதத்தில் இரண்டுமே நம் தென்னாப்பிரிக்கக் கரைப்பக்கம் அனேகமாக இருக்காது. நம்பிப் பணம் கட்டும் குடும்பங்கள் வெறும் தண்ணீரையும் வாந்திப் பையையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கம் குட்டி ஈனப் போகின்றன. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை குட்டியோடு தெற்கே திரும்புகின்றன. டிசம்பரில் கண்ணில் பட்டால் அது பின்தங்கிப் போன ஒன்றிரண்டுதான். ஆல்பட்ராஸுக்கோ இங்கே டிசம்பரில் வரும் கோடை என்பது முட்டை, குஞ்சு காலம். நம் கடலுக்கு வரும் இந்து மாக்கடல் மஞ்சள்மூக்கு ஆல்பட்ராஸ் அப்போது பிரின்ஸ் எட்வர்ட், ஆம்ஸ்டர்டாம் தீவுகளில் கூட்டில் இருக்கும். குளிர்காலத்தில்தான் இங்கே வரும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், சித்திரைக் காவடி இறக்கியபின் தொடங்கி புரட்டாசி விரதம் பிறக்கும்வரை ஆல்பட்ராஸ். ஆனி முதல் கார்த்திகைத் தொடக்கம் வரை திமிங்கிலம். இரண்டும் ஒரே நாளில் வேண்டுமென்றால் ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களை ஒட்டிப் போகவேண்டும். ஜூலை பள்ளி விடுமுறை ஏறக்குறைய சரியாக அமையும். மத்தி ஓட்டமும் அதே சமயம்தான். கரைவலைக் குடும்பங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை: மத்திக்கு மேலே வெள்ளைக் கனெட் பறவைகள் இறக்கையைப் பின்னுக்கு மடக்கி ஈட்டிபோல் பாயும், கீழே டால்பின் கூட்டம் மீனை உருண்டையாகத் திரட்டும்.

டிசம்பரில்தான் லீவு என்பவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. ரீயூனியன் தீவில் மட்டுமே கூடு கட்டும் பாராவ் பெட்ரல் கோடையில் நம் வெதுநீர்க் கடலுக்கு இரை தேடி வரும். ஆனால் அது ஆழ்கடல் பறவை. இரண்டு மணி நேரச் சவாரி அதன் பக்கமே போகாது.

படகிலும் இரண்டு வகை இருக்கிறது. திமிங்கிலச் சவாரி கரையைப் பார்த்தபடியே போய் வரும். கடற்பறவைப் பயணம் காலை விடியுமுன் கிளம்பி, கண்டத்திட்டின் விளிம்பு தாண்டிப் போய், மதியத்துக்கு மேல் திரும்பும். ஏழெட்டு மணி நேரம் ஆகும். கடல்தரை திடீரென்று ஆழத்துக்குச் சரியும் அந்த விளிம்பில்தான் நீர் கலங்கி இரை மேலே வருகிறது, பறவையும் அங்கேதான் கூடுகிறது. கேப் டவுன் பக்கம் சைமன்ஸ் டவுனிலோ ஹவுட் பேயிலோ ஏறி, கேப் பாயின்ட் தாண்டி, ஹேக் மீன் பிடிக்கும் இழுவைக் கப்பல்களைத் தேடிப் போவார்கள். வலை தூக்கும் ஒரு கப்பலுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் பறவை நிற்கும். டர்பனில் அந்த வசதி இல்லை. மீன் எண்ணெயையும் நறுக்கிய மத்தியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விட்டு மணம் பரப்பவேண்டும். பெட்ரல் இனங்கள் மோப்பம் பிடித்தே இரை தேடுபவை; எண்ணெய்ப் படலம் காற்றுப்போக்கில் நீண்டு அரை மணி நேரம் ஆகுமுன் “ஒன்றும் வரவில்லையே, வேறு இடம் போகலாம்” என்று படகோட்டியை நச்சரிப்பது காரியத்தைக் கெடுக்கும். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வாடை துணியில் இரண்டு துவையலுக்கு நிற்கும்.

காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டர்பனில் வடகிழக்கும் தென்மேற்கும் மாறி மாறி அடிக்கும். வடகிழக்கை ஊர்க் கடற்கரையில் வாடைக்கொண்டல் என்பார்கள். இங்கே அது குளிர்க்காற்று அல்ல, நல்ல வெயில் நாளின் காற்று. அது வலுத்துக்கொண்டே போய், பாரமானி இறங்கி, திடீரென்று காற்று செத்துப்போனால், அடுத்து வருவது தென்மேற்கின் அறை. சில நிமிடங்களில் கடல் புரண்டுவிடும். அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கி ஓடுகிறது, அதன் நடுவில் வேகம் 4 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரை போகும். எதிர்க்காற்று அதன்மேல் மோதும்போது அலை குத்துச்சுவராக எழும். பெரிய கப்பல்களையே உடைத்த அலைகள் இந்த ஓட்டத்தில்தான் எழுந்திருக்கின்றன. ஆகவே படகோட்டி முந்தின மாலை “நாளைக்கு இல்லை” என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிடுங்கள். பணம் திரும்புமா, மாற்று நாள் உண்டா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு, அடுத்த நாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலைச் செயலியில் பலர் அலை உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி என்பதுதான் வயிற்றுக்கு முக்கியம். 2 மீட்டர் அலை 12 விநாடிக்கு ஒன்று வந்தால் தொட்டில் ஆட்டம். அதே 2 மீட்டர் 6 விநாடிக்கு ஒன்றானால் முதுகெலும்பு சொல்லும். காற்று 10 முதல் 15 நாட் இருந்தால் உத்தமம். 20-ஐத் தாண்டினால் பைனாகுலர் பிடிக்க முடியாது. காற்றே இல்லாவிட்டாலும் தொல்லைதான்: நீண்டு ஒடுங்கிய இறக்கை கொண்ட ஆல்பட்ராஸ் காற்றின்மேல் சவாரி செய்யும் பறவை, காற்று நின்றால் வாத்துபோலத் தண்ணீரில் உட்கார்ந்துவிடும்.

கட்டணம் விசாரிக்கும் முன் சான்றிதழ் விசாரியுங்கள். தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் படகுக்கும் படகோட்டிக்கும் தூர வகுப்பு வைத்திருக்கிறது. சி வகுப்பு என்றால் 15 கடல் மைல் வரை, பி வகுப்பு என்றால் 40 வரை. விளிம்புக்குப் போகிறேன் என்பவரிடம் சி மட்டும் இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிடுங்கள். ஆள் எண்ணிக்கை, குழந்தை அளவில் உயிர்காப்புச் சட்டை, கழிப்பறை மூன்றையும் கேளுங்கள். பல சிறு படகுகளில் கழிப்பறை கிடையாது. நம் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்து, வெயிலில் தலைசுற்றிப் படுத்துவிடுகிறார்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் தேவை.

வயிற்றுக்கு வருவோம். கடல் மயக்க மாத்திரையை மயக்கம் வந்தபின் போட்டுப் பயனில்லை, வாந்தியோடு வெளியே வந்துவிடும். மருந்தாளரிடம் உங்கள் மற்ற மருந்துகளையும் சொல்லி, முந்தின இரவு ஒன்று, கிளம்ப இரண்டு மணி நேரம் முன் ஒன்று என்று கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் தருபவை உண்டு. வண்டி ஓட்டி வருபவர் மாத்திரை போடாதவராக இருக்கட்டும். முந்தின இரவு ரொட்டிக்குள் காரக் கறி நிரப்பிய பன்னி சௌ வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம்: காலையில் இரண்டு துண்டு காய்ந்த ரொட்டி, வாயில் அடக்க இஞ்சி முறப்பா. படகின் முன்பக்கமான அணியம்தான் அதிகம் தூக்கிப்போடும். நடுவுக்கும் பின்பக்கமான அமரத்துக்கும் இடையில் நில்லுங்கள். கண் அடிவானத்தில் இருக்கட்டும், கேமரா திரையில் படம் புரட்டுவதைக் கரைக்கு வந்தபின் வைத்துக்கொள்ளலாம். வாந்தி வந்தால் காற்று போகும் பக்கம் போங்கள். எதிர்ப்பக்கம் போனால் பக்கத்திலிருப்பவர் மன்னிக்கமாட்டார்.

பைனாகுலர் 8 மடங்கு போதும், 10 மடங்கு ஆடும் படகில் ஆட்டத்தையும் சேர்த்தே பெருக்கும். கண்ணாடியில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கவேண்டாம், கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றுங்கள். பறவை இருக்கும் இடம் சொல்ல, படகைக் கடிகாரமாக நினையுங்கள்: அணியம் 12 மணி, அமரம் 6 மணி. “அதோ, அதோ” என்று கத்தி யாரும் எதையும் பார்த்ததில்லை.

ஆல்பட்ராஸைப் பிரிக்க இறக்கையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெள்ளையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கரை, உடம்போடு சேரும் மூலையில் கட்டைவிரல் வைத்ததுபோல் ஒரு கறுப்பு அச்சு இருந்தால் ஷை வகை. முன்விளிம்பில் கறுப்புப் பட்டை அகலமாக, அலகு ஆரஞ்சாக இருந்தால் வளர்ந்த கரும்புருவம். உடல் ஒல்லி, கறுப்பு அலகின் முதுகில் மஞ்சள் கோடு என்றால் மஞ்சள்மூக்கு.

கேப் பக்கம் இழுவைக் கப்பலை நெருங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். வலையை இழுக்கும் எஃகு வடங்கள் நீருக்குள் இறங்கும் இடத்தில், கழிவு மீனுக்குப் பாயும் ஆல்பட்ராஸின் விரித்த இறக்கை வடத்தில் மாட்டும். கப்பலின் இழுப்பில் வடம் பறவையை அப்படியே நீருக்குள் அமுக்கிவிடும். அதைத் தடுக்க வடத்துக்கு வெளியே வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு கட்டுகிறார்கள். 2006-இல் ஆல்பட்ராஸ் பணிக்குழு இங்கே தொடங்கி, கப்பல் கப்பலாக ஏறி இதைப் பழக்கியபின் சாவு பெருமளவு குறைந்தது. நாடா ஆடுகிறதா என்று பாருங்கள்.

திமிங்கில விஷயத்தில் பயணிகளே சட்டத்தை மீறத் தூண்டுகிறார்கள். உரிமம் இல்லாத படகு 300 மீட்டருக்குள் போகக்கூடாது. உரிமம் உள்ளது 50 மீட்டர் வரை போகலாம். குட்டியோடு இருக்கும் தாயை அதுவும் நெருங்கக்கூடாது. “இன்னும் கொஞ்சம் பக்கத்தில்” என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பக்கம் ஓடாதீர்கள், சிறு படகு சாய்ந்துவிடும். 1975 வரை டர்பன் பிளஃப் முனையில் திமிங்கிலம் வெட்டும் ஆலை நடந்தது. அதே முனையைத் தாண்டித்தான் இப்போது குட்டிகள் போகின்றன.

அடுத்த முறை படகுச் சவாரி பற்றி எழுதினால் கட்டணத்துக்குப் பக்கத்தில் மாதத்தையும் படகின் வகுப்பையும் அச்சிடுங்கள். வாசகருக்கு டிசம்பர்ப் பணம் மிஞ்சும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்