சிறுபடகு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் அதிகம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. படகுத்துறைப் படிகள் சரிசெய்யப்பட்டன. படகுப் போட்டி வழக்கம்போல் நடந்தது.

நங்கூரப் பயிற்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கப் பணம் வீணானது என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. பயிற்சிக்கு முன்பு எல்லாருடைய நங்கூரத்தையும் கரையில் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் மடக்கும் நாலு கொம்பு நங்கூரம், மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு. சங்கிலியே கிடையாது. அந்த நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டும். சேற்றிலும் மணலிலும் உழுதுகொண்டே வரும். மிதக்கும் கயிறோ இன்ஜின் விசிறியில் சுற்றும். நமக்கு அடியில் இருப்பது சேறும் மணலும். அதனால் தட்டைக் கொம்புள்ள டான்ஃபோர்த் நங்கூரம், ஐந்து மீட்டர் சங்கிலி, நைலான் கயிறு என்று ஒரு செட் வாங்கினோம். "எதற்கு இந்தக் கனம்?" என்று கேட்டார்கள். சங்கிலியின் கனம்தான் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைக்கிறது. தண்டு எழும்பினால் கொம்பு பிடுங்கிக்கொள்ளும்.

கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், காற்று பலமானால் ஏழு. ஆழம் என்றால் தண்ணீர் மட்டும் இல்லை. 4 மீட்டர் தண்ணீர், தண்ணீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் 1, ஏறப்போகும் ஓதம் (கடல் ஏற்றம்) 1, ஆக 6. ஏழால் பெருக்கினால் 42 மீட்டர். இதைக் கரும்பலகையில் எழுதியபோது பின்வரிசையில் சிரித்தார்கள்.

அப்புறம் அந்தக் காற்று நாள். மூன்று படகுகள் இழுபட்டன. என் படகும் அதில் ஒன்று, மறைக்கவில்லை. பக்கத்துப் படகு குட்டைக் கயிற்றில் நின்றது. நான் நீளமாக விட்டால் சுழலும்போது மோதும் என்று 20 மீட்டரோடு நிறுத்திவிட்டேன். வேறு இடம் தேடியிருக்கலாம். ரிவர்ஸ் போட்டு நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கவும் இல்லை. இழுபட்ட நங்கூரத்துக்கெல்லாம் 'செயலாளர் நங்கூரம்' என்று பெயர் வந்தது அன்றிலிருந்துதான். சரி, இருக்கட்டும். அன்று நகராமல் நின்றது சங்கத்தின் செட்டை இரவல் வாங்கிய படகு என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கணக்கில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பாதிப் பேர் சந்தா கட்டவில்லை. செட்டை அடிக்கடி இரவல் கேட்பவர்களும் அந்தப் பாதியில்தான்.

செயற்குழுவினருக்கும், படிகளுக்குச் சிமெண்ட் தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டாவது செட் வாங்கலாம் என்று எண்ணம், சந்தா வந்தால். இந்தப் பொறுப்புக்கு வேறு யாராவது வர விரும்பினால் தடுக்க மாட்டேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் இரவல் போனதில் நங்கூரமும் கயிறும் திரும்பிவிட்டன, சங்கிலி வரவில்லை. பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. பெயரை இங்கே படிக்கப் போவதில்லை. கொட்டகை ராத்திரியிலும் திறந்துதான் கிடக்கிறது. சங்கிலியை நங்கூரத்தோடு பூட்டும் ஷேக்கிளையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனால் நல்லது.