சிஸ்டர் சுப்பலட்சுமி பெயரில் நடக்கும் படிப்பகத்தின் கூரைக்கு இன்னும் ரூ.1,53,600 வேண்டும்

திருவல்லிக்கேணி அன்பர்களுக்கும், நம் மாலைப் படிப்பகத்தில் படித்துப்போன பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் குழுவின் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு மூன்றே மாதம். போன மழையில் கூடத்தின் வடக்கு மூலையில் ஒழுகியபோது பெண் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்து படித்தார்கள். இந்த மழையில் அந்த மூலை நிற்குமா என்று கேட்டால், நிற்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார். கூரைக் கட்டைகளின் முனையை உளியால் குத்திப் பார்த்த பிறகு நாங்களும் அதையேதான் சொல்கிறோம்.

யார் பெயரை அந்த வாசலில் எழுதி வைத்திருக்கிறோம் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. சிஸ்டர் சுப்பலட்சுமி 1886 ஆகஸ்ட் 18-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம். வெகு சீக்கிரத்தில் கணவர் காலமானார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மொட்டையும் நார்மடிப் புடவையும் வீட்டு மூலையும்தான். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் உட்கார விடாமல் படிக்க வைத்தார். ஊர் பேசியது, உறவு பேசியது, வீடு அசையவில்லை. 1911-ல் மாநிலக் கல்லூரியில் முதல் வகுப்பில் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர்தான்.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருந்தார். சித்தி வாலாம்பாள். அவரும் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். தன்னைப்போன்ற குழந்தை விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைக்க சிஸ்டர் ஓர் இல்லம் தொடங்கியபோது, வீட்டு நிர்வாகத்தைச் சித்தி தோளில் ஏற்றுக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் எந்தத் தகப்பனும் தன் பெண்ணை அங்கே கொண்டுவந்து விட்டிருக்க மாட்டான் என்பது எங்கள் எண்ணம். 1912-ல் சாரதா மகளிர் சங்கம். சில ஆண்டுகளில் பிள்ளைகள் பெருகி இடம் போதாமல் போகவே, கடற்கரை ஐஸ்ஹவுஸுக்கு இல்லம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய கட்டடமும் அதுவே. அங்கே படித்து ஆசிரியைகளாக வெளியே போன பெண்கள் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றினார்கள்.

1922-ல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அதற்குத் தலைமை. சாரதா வித்யாலயாவும் அவர் தொடங்கியதே. மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்கும் பள்ளி. பணி ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை: 68 வயதில் தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம், 70 வயதில் மயிலாப்பூரில் வித்யா மந்திர். 1958-ல் பத்மஸ்ரீ. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் அவரை அழைத்துக்கொண்டார்.

இனி வேலை விவரம்.

கூடம் 22 அடிக்கு 12 அடி, அதாவது 264 சதுர அடி. மேலே பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை. பதினைந்து தேக்குக் கட்டை, அதன்மேல் மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கிய அச்சுக்கல் என்ற சின்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓடு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் நிற்கும். கெடுத்தது மேலே பூசிய சிமெண்ட். ஒழுகலை நிறுத்தத்தான் பூசினார்கள். ஆனால் சுண்ணாம்பு மூச்சு விடும், சிமெண்ட் விடாது. வெயிலில் சிமெண்ட் விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் சுவருக்குள் இருக்கும் கட்டை முனைகளில் தங்கியது. ஆறு கட்டை முனைகள் மக்கிவிட்டன, அதில் இரண்டில் கறையான்.

கான்கிரீட் போட்டுவிடலாமே என்று பலர் கேட்டார்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் கான்கிரீட் உட்கார்ந்தால் இரண்டும் வெயிலுக்கு ஒரேபோல் நீண்டு சுருங்காது, சேருமிடத்தில் பிளக்கும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் வேறு. ஆகவே பழைய முறையிலேயே செய்கிறோம். புதுக் கட்டை முனைக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் தடவி, கருங்கல் துண்டின்மேல் வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு இடம் விடுவோம். ஜல்லியை நான்கு அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து மூன்று அங்குலமாக இறக்க வேண்டும். அடிக்கும் கட்டை துள்ளித் திரும்பும்வரை அடிக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் அடுத்த மழையில் மறுபடி ஒழுகும்.

முட்டு கொடுக்க 2 நாள், பிரிக்க 5, கட்டை மாற்ற 6, அச்சுக்கல் அடுக்க 8, அது இறுக 5, ஜல்லி போட்டு அடிக்க 5, ஈரம் காக்க 14, தட்டோடு பதிக்க 5. மொத்தம் 50 நாள். சிஸ்டரின் பிறந்த நாளான ஆகஸ்ட் 18-ல் தொடங்கினால் அக்டோபர் முதல் வாரம் முடியும். ஒரு வாரம் தள்ளினாலும் மழையில் மாட்டிக்கொள்வோம்.

செலவு: தேக்கு 13 கன அடி ரூ.45,500. கூரை பிரித்துப் போட சதுர அடிக்கு ரூ.600 வீதம் ரூ.1,58,400. முட்டும் சாரமும் ரூ.28,000. உள்சுவரில் சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூச ரூ.66,000. மின்வேலை, நான்கு மின்விசிறி ரூ.38,000. புத்தக அலமாரி ரூ.32,000. ஆக ரூ.3,67,900. கையில் இருப்பது ரூ.2,14,300.

அந்த ரூ.2,14,300 எப்படி வந்தது என்பதை மறக்க மாட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் பதினொரு பேர் ஆளுக்கு ரூ.10,000 தந்தார்கள்; அதில் ஒருவர் மருந்துச் செலவுக்கு வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்தார். கோயில் வாசல் பூக்காரம்மாக்கள் ஒன்பது பேர் சேர்ந்து ரூ.4,500. ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிகள் ஒரு நாள் ஓட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே படித்து இன்று நர்ஸாகவும் கணக்காளராகவும் இருக்கும் பெண்கள் முதல் சம்பளத்திலிருந்து அனுப்பினார்கள். பெயர் வேண்டாம் என்று உண்டியலில் போட்டவர்களும் உண்டு. எல்லோரும் நீடூழி வாழ வேண்டும்.

மனம் நோகாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்ன 17 பேரிடமிருந்து ரூ.41,000 இன்னும் வரவில்லை. பிள்ளைகள் முன்னால் சொன்ன வார்த்தை அது. கஷ்டம் இருந்தால் தவணையாகத் தாருங்கள், வாங்கிக்கொள்கிறோம். வசதியிருந்தும் தள்ளிப்போடுகிறவர்கள், ஒரு மாலை வந்து அந்த வடக்கு மூலையை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போங்கள். பூக்காரம்மா கொடுத்துவிட்டார்.

ரூ.600 கொடுத்தால் ஒரு சதுர அடிக் கூரை உங்களுடையது. பணமாக முடியாதவர்கள் வெல்லம் 10 கிலோ, கடுக்காய் 5 கிலோ என்ற தேவையில் முடிந்ததைத் தரலாம். வெல்லம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கடுக்காய் பூச்சி அரிக்காததாக இருக்கட்டும். வரிவிலக்குச் சான்றிதழ் நம் குழுவுக்குக் கிடையாது. ரசீது உண்டு, வரவு செலவு வாரந்தோறும் பலகையில் எழுதப்படும்.

தேக்குக் கடைக்கும் கொத்தனாருக்கும் ஆகஸ்ட் 10-க்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும். தினமும் மாலை 5 முதல் 8 வரை படிப்பகத்தில் ரசீதுப் புத்தகத்தோடு குழுவினர் இருப்பார்கள்.