போலந்து மரச்சாமான் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஸ்வீடன் மரச்சாமான் கடையான ஐகியாவில் வாங்கிய நாற்காலி ஒன்றின் பாகங்களைப் போன வாரம் தரையில் பரப்பிவைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலியின் பெயர் ஸ்வீடிஷ். கடையின் நீலமும் மஞ்சளும் ஸ்வீடன் கொடியின் நிறங்கள். அட்டைப் பெட்டியில் பொடி எழுத்தில் மட்டும் உங்கள் நாட்டின் பெயர் இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

ஸ்வீடன்காரர்கள் தங்கள் கதையை நன்றாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள். 1943இல் ஸ்மோலாந்து வட்டாரத்தில் 17 வயதுப் பையன் இங்வார் காம்ப்ராட் கடையைத் தொடங்கியது, பிறகு 1950களில் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற ஊழியர் காருக்குள் அடங்காத மேசையின் காலைக் கழற்றியது, அதிலிருந்து சாமானைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கி விற்கும் யோசனை பிறந்தது. நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதையில் நீங்கள் வருகிற இடத்தை நீங்கள் ஏன் உரக்கச் சொல்வதில்லை?

காம்ப்ராட் அடிமாட்டு விலைக்கு விற்றதால், அவருக்குச் சரக்குத் தரக் கூடாது என்று உள்ளூர் வியாபாரிகள் ஸ்வீடன் ஆலைகளை நெருக்கினார்கள். கண்காட்சிகளிலும் அவருக்கு இடம் மறுத்தார்கள். வேறு வழியில்லாமல்தான் 1961இல் அவர் போலந்துக்கு வந்தார். உங்கள் ஆலைகளில் இயந்திரங்கள் பழசு, கைத்திறன் மட்டும் குறையவில்லை. அரம், உதிரி பாகம், ஏன், தட்டச்சுக்கான கார்பன் தாளைக்கூடக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

உங்கள் ராடோம்ஸ்கோ ஊரில் அவருக்காக, மரத்தை வளைத்துச் செய்யும் ஓக்லா நாற்காலியைச் செய்துகொடுத்தீர்கள். அந்த ஊருக்கு மரத்தை வளைக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பீச் மரத்தை நீராவியில் பதமாக்கி வளைக்கும் தோனெட் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஆலை வைத்திருந்தது. 1859இல் வந்த அதன் 14ஆம் எண் நாற்காலி மொத்தமே ஆறு பாகம்தான். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மேசைக் காலைக் கழற்றிய கதைக்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தைய வித்தை இது. இதை உலகம் ஸ்வீடனின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, நீங்களும் திருத்தாமல் இருக்கிறீர்கள்!

இன்று உலகின் பெரிய மரச்சாமான் ஏற்றுமதி நாடுகளில் போலந்தும் ஒன்று. ஆனால் ஒரு போலந்து நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் என் நண்பர்கள் விழிப்பார்கள். நானும்தான். செய்வது நீங்கள், பெயர் வாங்குபவருடையது.

நான் கேட்பது சின்ன விஷயம். பெட்டியில் நாட்டின் பெயரோடு ஊரின் பெயரையும் போடுங்கள். பெரிய வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பீர்கள். சரி, உங்கள் சரக்கை அதிகம் வாங்குவது ஜெர்மனி. அங்கே போகும் உங்கள் சொந்தச் சரக்கிலிருந்தாவது ஆரம்பிக்கலாம். அப்புறம், ராடோம்ஸ்கோ கதையை உங்கள் விளம்பரக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அல்ல, முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு திருகு மீந்துபோய் முழித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்