உன் நாயகி இன்னும் துணியட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் நாவலின் முதல் பகுதியும் வந்து சேர்ந்தன. நீ மறுபடியும் எழுத உட்கார்ந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டையும் வேலையையும் காரணம் காட்டி இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது போதும், இனி விட்டுவிடாதே. என் பக்கத்துச் செய்தி என்னவென்றால், அடுத்த நாவலுக்குப் பதிப்பாளர் சரி சொல்லிவிட்டார். 18-ஆம் நூற்றாண்டு லண்டன்தான் களம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், முதலில் உன் கேள்விக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் இருந்திருக்கவே முடியாது" என்று உன் கதையைப் படித்தவர் சொன்னதாகவும், நாயகியின் துணிச்சலைக் கொஞ்சம் குறைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். குறைக்கவே குறைக்காதே. அவள் துணிச்சல்காரியாக இருப்பது குறையே இல்லை. அந்தத் துணிச்சலுக்காக அவள் எதையுமே இழக்கவில்லை என்பதுதான் குறை. முதல் அத்தியாயத்திலேயே கோட்டைச் சுவரைத் தாண்டிக் குதிக்கிறாள், இரண்டு சிப்பாய்களைச் சாய்க்கிறாள், நாயகன் வாயடைத்து நிற்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊர் பேசவில்லை, பேசி வைத்த சம்பந்தம் முறியவில்லை. அதனால்தான் அவள் இந்தக் காலத்துப் பெண்ணாகத் தெரிகிறாள்.

நீ எடுத்துக்கொண்ட காலம் சாதாரணக் காலமா? 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையிடம் உயிரை விடுகிறார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பித் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போகிறார். அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுக்கிறார். சிவகங்கையை மீட்பது 1780-இல். நாமெல்லாம் வாளையும் குதிரையையும் நினைத்துக்கொண்டு 1780-க்கு ஓடிவிடுகிறோம். எனக்கென்னவோ நடுவில் இருக்கிற அந்த எட்டு வருஷம்தான் நாவல் என்று தோன்றுகிறது. கணவனைக் களத்தில் இழந்தவள், இன்னொருவர் தயவில் தங்கியிருக்கிறாள், மகள் கண்ணெதிரே வளர்கிறாள். ஹைதர் அலியிடம் படை கேட்கிறாள், உதவி வருகிறவரைக்கும் கூட வந்தவர்கள் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்கிறாள். உன் நாயகி அந்த ராணியோடு போனவள் என்கிறாய். அப்படியானால் வருஷக்கணக்காகக் காத்திருக்கிற துணிச்சலை அவளுக்குக் கொடு. இருபது வயதில் போனவள் இருபத்தெட்டில் திரும்புகிறாள். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அன்று கல்யாணச் சந்தையில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். அவள் கொடுத்த விலை அதுதான். நாயகன் அவளைத் தேடி வருகிறானா இல்லையா என்பது அப்போதுதான் வாசகிக்கு முக்கியமாகப் படும்.

சட்டத்தையும் வழக்கத்தையும் தெரிந்துகொண்டு எழுதினால் கதை தானாகவே நகரும் என்பதை ஒவ்வொரு நாவலிலும் பார்க்கிறேன். பிரான்சில் பார்ப்-நிக்கோல் போன்சார்டின் என்று ஒரு பெண். 1805-இல் கணவர் கிளிக்கோ இறந்தபோது இந்தப் பெண்ணுக்கு வயது 27. கணவரின் ஒயின் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்து நடத்தினார். 1814-இல் ரஷ்யத் துறைமுகங்கள் திறக்கப்போகின்றன என்று கணித்து, மற்ற வியாபாரிகளுக்கு முன்பே ஷாம்பெயின் ஏற்றிக் கப்பலை அனுப்பிவிட்டார். அவர் மறுமணமே செய்துகொள்ளவில்லை. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி விதவை சுதந்திரமாக வியாபாரம் செய்யலாம், மனைவி என்றால் கணவனின் அனுமதி வேண்டும். இதை வைத்து ஒரு காதல் கதையை யோசித்துப் பாரேன்! அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, ஆனால் சம்மதித்த மறுநிமிடம் தான் கட்டிக் காத்த தொழில் அவன் தயவுக்குப் போய்விடும். வில்லனே வேண்டாம்.

இதற்கு நேர்மாறாகவும் உண்டு. பழைய காலம் என்றாலே பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது என்று எழுதிவிடுவதும் தப்பு. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் குந்தவை தன் பெயரிலேயே கொடுத்த பொன்னும் நகையும் எடையோடு பதிவாகியிருக்கின்றன. சொத்து கையில் உள்ள பெண்ணின் காதலும் சொத்து இல்லாதவளின் காதலும் ஒரே மாதிரி போகாது.

சரி, என் லண்டன் கதைக்கு வருகிறேன். என் நாயகிக்கு மூலம் மேரி வொர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலேய எழுத்தாளர். எட்வர்ட் வொர்ட்லி பெண் கேட்கிறான். பிறக்கப்போகும் மூத்த மகன் பெயருக்கு இப்போதே சொத்தை எழுதி வை என்கிறார் அப்பா. அவன் முடியாது என்கிறான். பேச்சு முறிகிறது. அப்பா வேறு இடத்தில் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார். 1712 ஆகஸ்டில் மேரி வீட்டை விட்டுக் கிளம்பி எட்வர்டைக் கல்யாணம் செய்துகொள்கிறார். கிளம்புவதற்கு முன் அவனுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் இரவு அங்கியும் உள்பாவாடையும் மட்டும்தான் என்னோடு வரும், வேறொன்றும் உனக்குக் கிடைக்காது என்கிறார். காதல் மயக்கத்தில் எழுதிய வரி மாதிரியா இருக்கிறது? கண்ணைத் திறந்துகொண்டு குதிக்கிறவள் எழுதிய வரி. இப்படி ஒரு வரி கிடைத்தால் அவள் எவ்வளவு தைரியசாலி என்று நாம் விளக்க வேண்டியதே இல்லை.

அதற்கப்புறம் பெரியம்மை. மேரியின் தம்பி அதில் இறந்துபோகிறார், 1715-இல் அவருக்கே கண்டு முகம் தழும்பாகி இமை முடிகள் உதிர்ந்துவிடுகின்றன. அழகுக்குப் பேர்போன பெண்ணுக்கு இது. கணவர் தூதராகக் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போனபோது கூடப் போகிறார். அங்கே லேசாக அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து, ஆரோக்கியமான பிள்ளைக்குக் கடுமையான அம்மை வராமல் இருக்க அதன் தோலைக் கீறி வைப்பதைப் பார்க்கிறார். ஜென்னரின் தடுப்பூசி வருவதற்கு இன்னும் ஏறக்குறைய 80 வருஷம் இருக்கிறது. 1718 மார்ச்சில், கணவர் ஊரில் இல்லாத நேரத்தில், தன் மகனுக்கு அதைச் செய்துவிட்டுத்தான் அவருக்குக் கடிதம் எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை பையனுக்குக் குத்தியாயிற்று, இப்போது பாடி விளையாடிக்கொண்டிருக்கிறான், ராச்சாப்பாட்டுக்கு அவசரப்படுகிறான் என்று. எனக்கு அந்தச் சாப்பாட்டு அவசரம்தான் பிடித்திருக்கிறது. அதற்கு முந்தைய இரவுகள் எப்படிப் போயிருக்கும் என்று அந்த அம்மா எழுதவில்லை. அதைத்தான் நான் எழுதப்போகிறேன்.

நிஜத்தில் அந்தக் கல்யாணம் ஆறிப்போய்விட்டது. என் கதையில் ஆறாது. பெயரையும் சம்பவங்களையும் மாற்றி முழுக் கற்பனைப் பாத்திரமாகவே எழுதுகிறேன், அதனால் அந்த உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். நிஜப் பெயரையே வைத்து எழுதினால் இப்படிச் செய்ய மனசு வராது.

நீ தயங்குகிற இன்னொரு விஷயம், நாயகியின் ஆசையை எவ்வளவு வெளிப்படையாக எழுதுவது என்பது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த பெண் கவிஞர் முத்துப்பழனியை நினைத்துக்கொள். ராதிகா சாந்துவனம் என்று தெலுங்கில் ஒரு காவியம் எழுதினார். தானே வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டு, அப்புறம் தாங்க முடியாமல் வேகிறாள் ராதை. அவளுடைய ஆசை, கோபம், பொறாமை எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் அதில் இருக்கின்றன. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910-இல் அதை முழுசாக அச்சுக்குக் கொண்டுவந்தார், ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை செய்தது. சிவகங்கைக் கதைக்கு ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே ஒரு பெண் அப்படி எழுதியிருக்கிறாள். உன் நாயகி அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் குடியா முழுகிவிடும்?

நாயகனைத்தான் நீ இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்து வியந்தால் மட்டும் போதாது. அவள் முடிவால் அவனுக்கும் ஏதாவது கைவிட்டுப் போக வேண்டும், நிலமோ பதவியோ, அண்ணன் தம்பி உறவோ. போன பிறகும் அவன் அவள் பக்கம் நிற்கிறான் என்றால்தான் எனக்கு அவன் மேல் காதல் வரும்.

முழுசாக முடியட்டும் என்று காத்திருக்காதே. விருப்பாச்சி அத்தியாயம் தயாரானதும் அதை மட்டுமாவது அனுப்பு. அவன் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது அவள் உடனே தலையாட்டக் கூடாது, முதலில் தன் நிபந்தனையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என்ன நிபந்தனை என்று நீதான் யோசித்து எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி