தமிழ்ப் பக்கங்கள் ஏறிவிட்டன: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் கேரள அரசுத் துறையின் இணையதளம் ட்ருபல் உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்கு மாறிவிட்டது. மலையாளமும் ஆங்கிலமும் ஏறிய அதே நாளில் தமிழும் ஏறியது. "தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு தொடக்கத்தில் எழத்தான் செய்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்குக் கடிதம் எழுதலாம். எழுத உரிமை உள்ளவர்களுக்குப் படிக்க ஒன்றும் வேண்டாமா என்று கூட்டத்தில் கேட்ட கண்காணிப்பாளருக்கு முதல் நன்றி. அந்தப் பேச்சு அன்றோடு நின்றது.

பொறியாளர் குழுவுக்கும் நன்றி. ட்ருபலில் 2015இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் பன்மொழி வசதி அதன் மைய மென்பொருளிலேயே இருக்கிறது. தேதியை மூன்று மொழிக்கும் பொதுவான புலமாக அவர்கள் வைத்துவிட்டதால், மலையாளத்தில் திருத்தினால் தமிழிலும் திருந்திவிடுகிறது. முன்பெல்லாம் தமிழ்ப் பக்கத்தில் போன வருடத்துக் கடைசித் தேதி அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! பழைய பக்கங்கள் ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் கிடந்தன. அவற்றில் கொம்பு முன்னே, மெய் பின்னே, ஒருங்குறியில் தலைகீழ். அதை எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் ஒழுங்காகவே இடம் மாற்றின. சறுக்கியது ஔகாரத்தில். பழைய எழுத்துருவில் ளகரமே ஔகாரத்தின் பின்பாதியாகவும் நின்றதால் 'சௌகரியம்' என்பது 'செளகரியம்' ஆகிவிட்டது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். அம்மா படித்துப் பார்த்ததோடு விடாமல், ஒவ்வொரு சொல்லாகத் தேடுபெட்டியில் தட்டிப் பார்த்தார். பக்கம் கண்முன்னே திறந்திருக்க, தேடுபெட்டி 'முடிவுகள் இல்லை' என்று கைவிரித்தது. 'ஔவையார்' கதையும் அதேதான். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் திருத்தங்கள் நடந்தன.

பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளான என்விடிஏ கொண்டு சோதித்துத் தந்தார். தமிழ்நாட்டுடன் செய்த 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். எங்கள் சித்தூர் உழவர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாற்றுவிடுவார்கள். பழைய தளத்தில் அந்தக் கணக்கின் அட்டவணை வெறும் ஸ்கேன் படம். மென்பொருள் அதைப் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டிப்போனது. "எங்கள் அப்பா என்னிடம்தான் கேட்பார், நான் யாரிடம் கேட்பது?" என்றார் அந்தத் தம்பி. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுநெறிகள் 2009 முதலே இருக்கின்றன. எங்களுக்கு உறைத்தது அவர் கேட்ட பிறகு. இப்போது வரிசை வரிசையாக எண்களை வாசிக்கிறது.

வேலந்தாவளம் பக்கம் அக்ஷயா மையம் (அரசின் இணையச் சேவை மையம்) நடத்தும் அண்ணன், வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றிய பழைய சுட்டிகளைத் திரட்டி அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 வழிமாற்று போட்டாயிற்று. சலிக்காமல் போட்ட இளைஞர்களுக்கும், இரவில் சர்வர் அறையைத் திறந்துவைத்த காவலருக்கும் நன்றி.

பழைய அரசாணைகளின் ஸ்கேன் பிரதிகள் இன்னும் தட்டச்சுக்குக் காத்திருக்கின்றன. அடுத்த கட்டை எப்போது அனுப்புவீர்கள் என்று ஆசிரியை அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார். திங்கட்கிழமை வந்துவிடும், அம்மா.

நன்றியுடன்,
தமிழ்ப் பக்கங்களின் பொறுப்பாளர்
கொழிஞ்சாம்பாறை