காலடியில் ஒரு ரீங்காரம்

பாளையங்கோட்டை,
ஆடி முதல் வாரம், 2024

அன்புள்ள சிதம்பரம்,

இங்கே அனைவரும் நலம். நீயும் மதினியும் நலம்தானே? ஆனித் தேரோட்டத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று இந்த வருடமும் ஏமாற்றிவிட்டாய். அதைவிடப் பெரிய குற்றம், கன்னியாகுமரிக்குப் போனபோது மதுரையிலிருந்து நெல்லையைத் தாண்டித்தானே போயிருக்கிறாய்? வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிக்க நேரமில்லை. ஆனால் கார் விசிலடிக்கிறது என்று நாலு பக்கம் எழுத நேரம் இருந்திருக்கிறது.

சரி, காரைப் பற்றியே பேசுவோம். நான்கு மாதமாக எனக்கும் அதே பிழைப்புதான்.

சென்ற டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அன்று என் வண்டி வண்ணார்பேட்டையில் மைத்துனன் வீட்டு வாசலில் நின்றது. சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர், அதுவும் ஒன்றரை நாள். எஞ்சினுக்குள் ஏறவில்லை என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிரேக்கைச் சுத்தம் செய்தேன், ஆயிலை மாற்றினேன், ஒரு தேங்காயும் உடைத்தேன். சக்கரம் தடையின்றிச் சுழல, அதன் நடுவே குண்டுகள் வைத்த பேரிங் என்றொரு வளையம் இருக்கிறது, அதுவும் ஒன்றரை நாள் குளித்திருக்கிறது என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

பங்குனியில் சத்தம் தொடங்கியது. ஊருக்குள் ஒன்றுமில்லை. நான்குவழிச் சாலையில் ஏறி 70ஐத் தொட்டால், தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல ஒரு ரீங்காரம். 90இல் அது வண்டி முழுக்க நிறைந்துவிடும். "என் காலடியில்தான் கேட்கிறது" என்றாள் பக்கத்தில், இடது சீட்டில் இருந்த மீனாட்சி. நான் அதைக் காதில் வாங்காமல் ஊரைக் கேட்டேன். டயர் கடைக்காரர் டயர் என்றார். எட்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து இரண்டு டயர் மாற்றினேன். மறுநாள் நாங்குநேரி போய்த் திரும்பினேன்; மாவு மில் அதே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட், சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் எல்லாம் பார்த்தாயிற்று. பேலன்சிங் கெட்டிருந்தால் ஸ்டீயரிங் கையில் உதறும், ரீங்காரம் வராது என்பதை யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதன்பின் ஒரு நாள் விடிகாலையில் தனியாகக் கிளம்பினேன். ரேடியோவை அணைத்தேன், கண்ணாடிகளை ஏற்றினேன். 80இல் கிளட்சை மிதித்தேன். எஞ்சின் சத்தம் தணிந்தது, ரீங்காரம் தணியவில்லை. ஆக எஞ்சின் நிரபராதி. தார்ச் சாலை முடிந்து சுங்கச்சாவடி அருகே கான்கிரீட் வரும் இடத்திலும் சத்தத்தின் தொனி மாறவில்லை. டயரின் சத்தமென்றால் அங்கே மாறியிருக்கும். வள்ளியூர்ப் பக்கம் சாலை மெல்ல வலப்புறம் வளைந்தபோது ரீங்காரம் ஓங்கியது. அடுத்த இடது வளைவில் அடங்கியே போனது. வலப்புறம் திரும்பும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரத்தில் அல்லவா சாய்கிறது? அப்படியென்றால் இடது பக்கம். மீனாட்சியின் காலடி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்ற கவலையோடுதான் திரும்பினேன்.

மார்க்கெட் பக்கம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினார்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம்; ஆட்டமே இல்லை. என் முகம் வாடியதைப் பார்த்த மெக்கானிக், "ஆட்டம் கடைசியில்தான் வரும் சார், கையைக் கொடுங்கள்" என்று என் இடது கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். முதலில் வலது சக்கரம். ஸ்பிரிங்கில் ஒரு சலனமும் இல்லை. பிறகு இடது. அம்மியில் மணல் அரைபடுவதுபோல ஒரு நறநறப்பு விரல் நுனி வழியாக மணிக்கட்டுவரை ஏறியது. சத்தம் காதுக்கு எட்டவில்லை, கைக்கு எட்டியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது என்றால் நம்பு.

பேரிங்கை வெளியே எடுத்தபோது கிரீஸ் நீர்த்துப்போய் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வழிந்தது. குண்டுகள் உருளும் பாதையில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ் என்ற அழுத்து எந்திரத்தில் வைத்து ஏற்றினார். அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கும் சில மாதங்களில் பாட ஆரம்பித்துவிடுமாம். கூலியோடு சேர்த்தும் டயருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

உன் சத்தம் இதுவல்ல. காவல்கிணறு தாண்டியதும் விசில் உச்சத்துக்குப் போனது, ஊர் திரும்பும்போது கோவில்பட்டிக்கு அப்பால் அதே வேகத்தில் காணோம் என்று எழுதியிருக்கிறாய். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இந்த மாதங்களில் பாய்கிற காற்றில் காற்றாலைகளே சுழன்று தள்ளுகின்றன. சக்கரத்துக்குக் காற்றின் திசை தெரியாது, கண்ணாடி, கதவு விளிம்புகளில் இருக்கும் ரப்பருக்குத் தெரியும். கல்லடி பட்டு முன்கண்ணாடி மாற்றினாயே, எனக்கு அதன் விளிம்பின் மேல்தான் சந்தேகம். பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பை வாங்கிக் கண்ணாடியின் விளிம்பு முழுக்க ஒட்டிவிட்டு அதே வேகத்தில் ஓட்டிப்பார். விசில் நின்றுவிட்டால் ஒவ்வொரு பக்கமாக உரித்துக்கொண்டே வா. எந்தப் பக்கம் உரித்ததும் திரும்பக் கேட்கிறதோ அங்கேதான் ஓட்டை. டேப் ஒட்டியும் நிற்காவிட்டால் கதவு. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழு. இழுத்த இழுப்பில் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கிப்போய்விட்டது. வண்டிக் கூரையில் கேரியர் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடு.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் வைத்துக்கொண்டு வா. வரும்போது மதினியை ஓட்டச் சொல்லிவிட்டு, நீ டேப்பும் கையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வா.

உன்,
ஆறுமுகம்