பதின்பருவப் போதைப் பழக்கத்துக்குக் குடும்பத்தையும் சேர்த்த புறநோயாளி சிகிச்சை வேண்டி மனு

அனுப்புநர்: பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக, ஒரு தாய்

பெறுநர்: செயலாளர் அவர்கள், சுகாதாரத் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிள்ளைக்குப் போதைப் பழக்கம் என்று தெரிந்ததும் மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். பெயர் கூப்பிட்டதும் அவன் மட்டும் உள்ளே போகிறான். அம்மா வெளியே பெஞ்சில். கொஞ்ச நேரத்தில் மருந்துச் சீட்டோடு வருகிறான். அன்று இரவு அவனிடம் எப்படிப் பேசுவது, கையில் பணம் கொடுக்கலாமா, கதவைத் தாழ்போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. எங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

அடுத்து எல்லோரும் காட்டும் வழி, உள்ளே தங்கவைக்கும் மறுவாழ்வு மையம். சிலருக்கு அது கட்டாயம் வேண்டும். நாள்பட்ட மதுவையோ தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தற்கொலை எண்ணம் இருந்தாலும் தனியே விட முடியாது. ஆனால் பழக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து பிரித்து எங்கோ வைத்தால் படிப்பு போகிறது. திரும்பி வரும்போது வீடும் சண்டையும் அப்படியே இருக்கின்றன.

புறநோயாளி சிகிச்சை பலன் தரும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. கஞ்சா பழகிய 600 பிள்ளைகளிடம் 5 வகைப் புறநோயாளி சிகிச்சைகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2004-ல் வெளியானது. சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை நடந்த அந்தச் சிகிச்சைகள் ஐந்துமே பழக்கத்தைக் குறைத்தன. பெர்லின், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஹேக், ஜெனீவா நகரங்களில் 450 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், தனியாக ஆலோசனை பெற்றவர்களைவிடக் குடும்பத்தோடு சிகிச்சை பெற்றவர்களே இடையில் நிறுத்தாமல் அதிகமாகத் தொடர்ந்து வந்தார்கள். பெற்றோராகிய எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். வராத பிள்ளைக்கு எந்த வைத்தியம் செய்ய முடியும்?

எங்களில் ஒரு குடும்பத்துக்கு அப்படி ஓர் அமர்வு கிடைத்தது. "நேத்து ராத்திரி எங்கடா போனே?" என்று அப்பா ஆரம்பித்ததும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆலோசகர் நிறுத்தி, "கேள்வி வேண்டாம், அப்போ உங்களுக்கு எப்படி இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். "போன் அடிச்சா பயமா இருக்கு" என்றார் அப்பா. பையன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

எனவே, அரசு மருத்துவமனைகளில் பதின்பருவத்தினருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவும், குடும்ப ஆலோசனையில் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருந்தால்தான் பள்ளியும் வேலையும் கெடாமல் வர முடியும். பிள்ளை வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் வந்து தொடங்க இடம் வேண்டும். பழக்கம் முற்றியவர்களையும் இப்போதுதான் தொட்டவர்களையும் ஒரே குழுவில் உட்கார வைக்க வேண்டாம். கெட்டது தொற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிறோம்; எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லாவிட்டாலும், சில ஆய்வுகள் அதை எச்சரிக்கின்றன.

பள்ளிகளில் பயமுறுத்தும் படங்களைக் காட்டும் கூட்டங்களால் பெரிய பலன் இல்லை. அதற்குப் பதிலாக, பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் தனித்தனியே, அப்புறம் சேர்ந்து உட்காரும் 7 வாரப் பயிற்சி அமெரிக்காவில் 10 முதல் 14 வயதினருக்கு நடக்கிறது. அதுபோல இங்கும், பழக்கம் தொடங்கும் வயதுக்கு முன்பே, ஒன்றைத் தொடங்குங்கள்.

கடைசியாக, உதவி கேட்டு வரும் பிள்ளையின் பெயர் பள்ளிக்கோ காவல் துறைக்கோ போகாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டுகிறோம். அந்தப் பயத்தால் வராமலே இருக்கும் குடும்பங்கள் எங்களுக்குத் தெரிந்தே பல.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்